ரிசீவர் வழியாகத்தான் படம் போக வேண்டுமா?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்குகிறார்கள். புதுச்சேரி நேரு வீதியோ கடலூர் லாரன்ஸ் ரோடோ, கடையில் கேட்கும் பேச்சு இதுதான்: "அண்ணே, டிவி எல்லாம் 120 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ்னு போகுது. நாளைக்கு 8கே டிவி வாங்கினா இந்த ரிசீவர் தாங்குமா?" கடைக்காரரும், "அப்போ 8கே மாடலே எடுத்துக்கோ தம்பி, பின்னாடி கவலை இல்ல" என்பார். விலை பல ஆயிரம் ரூபாய் ஏறிவிடும்.

அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா? பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை என்பதே என் பதில். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில், ரிசீவரின் வேலை என்ன? ப்ளூரே பிளேயர், செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாவற்றையும் அதில் செருகுகிறோம். அது ஒலியைப் பிரித்து எடுத்து, டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி வைத்த ஒலி வடிவங்களை அவிழ்த்து, சுற்றிலும் இருக்கும் ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுத்து அனுப்புகிறது. படத்தை டிவிக்குக் கடத்தி விடுகிறது. முதல் வேலைக்காகத்தான் நாம் ரிசீவர் வாங்குகிறோம். இரண்டாவது வேலை, எல்லா வயரும் ஒரே பெட்டிக்குள் வருகிற வசதிக்காகச் சேர்ந்தது. ஆனால் ரிசீவரைச் சீக்கிரம் பழையதாக்குவது இந்த இரண்டாவது வேலைதான்.

இப்போது கணக்கு. 4கே படத்தில் அகலத்துக்கு 3840 புள்ளிகள், உயரத்துக்கு 2160. பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் (60 ஹெர்ட்ஸ் என்பது இதைத்தான்) என்றால் கிட்டத்தட்ட 50 கோடி பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தலா 8 பிட், மொத்தம் 24 பிட். ஆக, நொடிக்கு 1200 கோடி பிட் அளவுக்கு வருகிறது. 100 கோடி பிட் ஒரு ஜிகாபிட். அப்படியானால் 12 ஜிகாபிட். இதோடு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி, பிழையில்லாமல் போய்ச் சேர்வதற்காகச் சேர்க்கப்படும் கூடுதல் பிட்கள் எல்லாம் கூட்டினால் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளில் ஓடுவது நொடிக்கு 17.82 ஜிகாபிட். எச்டிஎம்ஐ தரத்தின் 2.0 பதிப்புக்கு உச்ச அளவு 18 ஜிகாபிட் என்று வைத்தது இதற்குத்தான். இந்த அளவைத்தான் பேண்ட்விட்த் என்கிறோம்.

படம் கன்சோலில் தொடங்கி, ஒரு கேபிள், ரிசீவர், இன்னொரு கேபிள், டிவி என்று போகிறது. இதில் எது குறுகலோ அதுதான் எல்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் போக இரண்டு பக்கமும் எவ்வளவு அகல ரோடு போட்டாலும், நடுவில் கெடிலம் ஆற்றுப் பாலம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வண்டிதான் ஒரே சமயத்தில் கடக்க முடியும். டிவி 48 ஜிகாபிட் வாங்கும், கன்சோல் 40 கொடுக்கும், நடுவில் இருக்கும் ரிசீவர் 18 என்றால் படம் 18-க்குள் சுருங்கித்தான் வரும்.

பயம் நியாயமானதுதான் என்று இதைப் படித்ததும் தோன்றும். ஆனால் நாம் உண்மையில் என்ன பார்க்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். தமிழ்ப் படமோ ஆங்கிலப் படமோ, 4கே ப்ளூரே டிஸ்க்கோ ஓடிடியோ, ஏறக்குறைய எல்லாம் 24 தான். 60-க்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ பாதிதான். அதோடு டிஸ்க்கிலும் ஓடிடியிலும் நிறத் தகவலை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக வைப்பதில்லை. நான்கு பிக்சல்கள் ஒரே நிறத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும், வெளிச்ச அளவு மட்டும் தனித்தனி. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகவும் நிற வித்தியாசத்தைச் சற்று மொத்தமாகவும் பார்ப்பதால் இது தெரிவதில்லை. 4:2:0 என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். வெளிச்சமும் இருளும் கூடுதலாகப் பிரிந்து தெரியும் எச்டிஆர், 10 பிட் நிறம் எல்லாம் சேர்த்தாலும் 4கே சினிமா 18 ஜிகாபிட் ரிசீவரில் தாராளமாகப் போகும். மிச்சமும் இருக்கும்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வரும். "நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்கு 15 மெகாபிட் இன்டர்நெட் போதும்னு சொல்றாங்களே, எச்டிஎம்ஐக்கு மட்டும் ஏன் ஜிகாபிட் கணக்கு?" இன்டர்நெட்டில் வருவது நெருக்கிச் சுருக்கப்பட்ட படம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் பெரும்பாலும் அனுப்புவார்கள். ஓடிடி ஸ்டிக்கோ பாக்ஸோ அதை விரித்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசாகக் கட்டி எச்டிஎம்ஐ வழியாக அனுப்புகிறது. அதனால்தான் உள்ளே 15 மெகாபிட்டாக நுழைவது வெளியே அதைப் போல பல நூறு மடங்காகப் போகிறது. இன்டர்நெட் ஸ்பீடும் எச்டிஎம்ஐ ஸ்பீடும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடியவை அல்ல.

டிவியின் சொந்த ஆப்பில் ஓடிடி பார்ப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. படம் டிவிக்குள்ளேயே விரிகிறது, ரிசீவர் பக்கமே வருவதில்லை.

அப்போது பேண்ட்விட்த் யாருக்குத்தான் வேண்டும்? கேம் விளையாடுகிறவர்களுக்கு. பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ம் 2020 நவம்பரில் வந்தன. இரண்டும் 4கே படத்தை நொடிக்கு 120 ஃப்ரேம் வரை தரும். 10 பிட் நிறத்தோடு, நிறத் தகவலைப் பகிராமல் அனுப்பினால் அதற்குச் சுமார் 40 ஜிகாபிட் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 40 வரை போகிறது. பிளேஸ்டேஷன் 5 தருவதே 32 ஜிகாபிட்தான். 120 ஃப்ரேமில் நிறத் தகவலைக் கொஞ்சம் பகிர்ந்து அந்த அளவுக்குள் அடக்குகிறது. எச்டிஎம்ஐ 2.1-இன் உச்சம் 48. ஆனால் 8கே என்று அச்சடித்து விற்கும் ரிசீவர்கள் பலவற்றில் இருப்பது 40 தான். இன்றைய கன்சோல்களுக்கு அதுவே போதும். 48 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்று விளையாடுகிறவர்களின் தேவை இன்னும் கூடும்.

சரி, 8கே? அது வந்தால் எல்லாம் மாறிவிடாதா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி வரை பிரித்துப் பார்க்க முடியும். 55 அங்குல 4கே டிவியில் ஒரு பிக்சலின் அகலம் 0.32 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பிக்சலைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 1.1 மீட்டர், அதாவது மூன்றரை அடி தூரத்துக்குள் உட்கார வேண்டும். அதற்கு அப்பால் போனால் 4கே பிக்சலே கண்ணில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்புறம் அதையும் நான்காகப் பிரித்த 8கே பிக்சலால் என்ன லாபம்? நம் வீட்டு ஹாலில் சோஃபா கிடப்பது எட்டு, ஒன்பது அடி தூரத்தில். 100 அங்குல ப்ரொஜெக்டர் திரைக்கே இந்தத் தூரம் ஆறரை அடிதான் வருகிறது.

8கே படங்களும் இல்லை. ஜப்பானில் என்எச்கே 2018 டிசம்பர் 1-ஆம் தேதி 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் வீட்டுக்கு வாங்கிப் போட்டுப் பார்க்க 8கே சினிமா டிஸ்க் என்று ஒன்று வரவில்லை. சில டிவி கம்பெனிகள் 8கே மாடல்களிலிருந்து பின்வாங்கியும் விட்டன. கடலூரில் ஒரு குடும்பம் 8கே படத்துக்காக ரிசீவரை மாற்ற வேண்டிய நாள் இப்போதைக்குத் தெரியவில்லை.

கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கூட புது ரிசீவர்தான் வழி என்று இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வேகமான படம் தரும் கருவியை நேராக டிவியில் செருகிவிடலாம். ஒலி மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும். ரிசீவரையும் டிவியையும் இணைக்கும் அதே எச்டிஎம்ஐ கேபிளில், எதிர்த் திசையில். இதற்கு ஆர்க் என்று பெயர். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்தது. ஆர்க் வழியாக வரக்கூடிய ஒலியின் அளவு ஏறத்தாழ ஒரு மெகாபிட். 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-ஓடு இ-ஆர்க் வந்தது. அதில் 37 மெகாபிட் வரை போகும். ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் சுருக்கியும் தரம் இழக்காத டால்பி ட்ரூஎச்டி, அதனோடு வரும், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் எல்லாம் இதில் அடங்கும். உதட்டசைவும் சத்தமும் சேர்ந்து வருவதற்கான திருத்தமும் இ-ஆர்க்கில் கட்டாயமாக இருக்கிறது.

ஒலியின் அளவையும் படத்தின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மெகாபிட், இன்னொன்று பல ஆயிரம் மெகாபிட். டிவித் திரை எத்தனை தலைமுறை மாறினாலும் ஒலிக்கு வேண்டிய வழி அவ்வளவாகப் பெருகப் போவதில்லை. படத்தை ரிசீவர் வழியாக விடாதவரை, நாளைய டிவி எதுவானாலும் இன்றைய ரிசீவர் தன் வேலையைச் செய்யும்.

டிவியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மூன்றோ நான்கோ எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் இ-ஆர்க் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஒன்றோ இரண்டோ துளைக்குப் பக்கத்தில் 4கே 120 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ரிசீவரின் பின்புறம் அவுட் என்று போட்ட துளையிலும் இ-ஆர்க் எழுதியிருக்கும். அதிலிருந்து டிவியின் இ-ஆர்க் துளைக்கு ஒரு கேபிள். கன்சோலிலிருந்து டிவியின் 120 ஹெர்ட்ஸ் துளைக்கு இன்னொரு கேபிள். டிவி செட்டிங்கில் இ-ஆர்க்கை ஆன் செய்து, ஒலி வெளியீட்டை பாஸ்-த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றி வைத்தால் வேலை முடிந்தது.

ஓடிடி மட்டும் பார்க்கிற வீட்டுக்கு இ-ஆர்க் கூடக் கட்டாயமில்லை. ஓடிடியில் வரும் அட்மாஸ் ஒலி டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில், 768 கிலோபிட்டுக்குள் வருகிறது. பழைய ஆர்க்கிலேயே அது போகும், டிவி அதை அனுப்பத் தெரிந்ததாக இருந்தால்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். 2019-க்கு முந்தைய டிவிகள் பெரும்பாலானவற்றில் இ-ஆர்க் இல்லை. சில டிவிகள் டால்பியை அனுப்பும், டிடிஎஸ்ஸை அனுப்பாது. நிறைய ப்ளூரே டிஸ்க் வைத்திருப்பவர் டிவி வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிளேயரை மட்டும் ரிசீவரில் செருகலாம், டிஸ்க்கின் 24 ஃப்ரேம் படத்துக்கு 18 ஜிகாபிட் போதும் என்று பார்த்தோமே. இன்னொரு சிக்கல், வேகமான துளை இரண்டே இருக்கும் டிவிகள் பலவற்றில் அந்த இரண்டில் ஒன்றுதான் இ-ஆர்க் துளையும். ரிசீவருக்கு ஒன்று போய்விட்டால் கன்சோலுக்கு மிஞ்சுவது ஒன்று. இரண்டு கன்சோலும் ஒரு கேமிங் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற வீட்டுக்கு 40 ஜிகாபிட் ரிசீவர் நியாயமான செலவு. ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கும் படம் ரிசீவர் வழியாகப் போவதுதான் சுலபம், ஏனென்றால் ப்ரொஜெக்டரிலிருந்து ஒலியைத் திருப்பி எடுப்பது பல மாடல்களில் முடியாது. ஆனால் அவர்கள் பார்ப்பது சினிமா என்றால் அங்கும் 18 போதும்.

எதிர்காலத்துக்கென்று வாங்கியவர்களுக்கு இதுவரை நடந்ததையும் சொல்ல வேண்டும். 2010 வாக்கில் 3டி டிவி வரப்போகிறது என்று எச்டிஎம்ஐ 1.4 ரிசீவர்களை வாங்கினார்கள். 2017-க்குள் 3டி டிவி கடைகளிலிருந்தே போய்விட்டது. 2013-இல் எச்டிஎம்ஐ 2.0 வந்ததும் 4கேவுக்குத் தயார் என்ற ரிசீவர்கள் வந்தன. ஆனால் 4கே படங்களுக்கு எச்டிசிபி 2.2 என்ற புதிய திருட்டுத் தடுப்புப் பூட்டு வைத்தார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தச் சாவி தெரிய வேண்டும். ஆரம்பத்தில் வந்த ரிசீவர்கள் பலவற்றில் அது இல்லை. பேண்ட்விட்த் இருந்தும் திரை கறுப்பாகவே நின்றது. 2020-இல் வந்த முதல் 8கே ரிசீவர்களில் பலவற்றின் எச்டிஎம்ஐ சிப்பில் பிழை இருந்தது. எக்ஸ்பாக்ஸின் 4கே 120-ஐ அவற்றால் கடத்த முடியவில்லை. வாங்கியவர்களுக்குக் கம்பெனிகள் தனி அடாப்டர் பெட்டியோ புதிய போர்டோ இலவசமாகக் கொடுக்க வேண்டி வந்தது. நாளைக்கு எந்த வசதி உண்மையில் வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே பணம் கட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது எச்டிஎம்ஐ 2.2 வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவித்து, ஜூனில் வெளியிட்டார்கள். 96 ஜிகாபிட். 8கே 60 ஃப்ரேம் படத்தையும் 4கே 240 ஃப்ரேம் படத்தையும் சுருக்காமல், நிறத்தைப் பகிராமல் அனுப்ப முடியும். எனக்கு அதில் பிடித்தது 96 என்ற எண்ணைவிட, கூடவே வந்திருக்கும் ஒரு சின்ன ஏற்பாடு. ரிசீவர், டிவி என்று பல பெட்டிகள் வரிசையாக இருக்கும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதம் செய்கிறது என்பதைத் தெரிவித்து, உதட்டசைவோடு ஒலியைச் சேர்த்து வைக்கும் முறை அது. ஹோம் தியேட்டர்காரர்கள் தினமும் படும் பாட்டுக்கு அது மருந்து. ஆனாலும் 2.2-க்காகக் காத்திருந்து ரிசீவர் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். அந்த அளவு படத்தைத் தரும் டிஸ்க்கும் இல்லை, கன்சோலும் இல்லை.

கடையில் கேட்கும்போது "2.1 இருக்கா?" என்று கேட்பதில் பயனில்லை. 18 ஜிகாபிட் மட்டும் உள்ள கருவிக்குக் கூட 2.1 என்று பெயர் போட எச்டிஎம்ஐ விதிகள் இடம் கொடுக்கின்றன. "எத்தனை ஜிகாபிட்? எத்தனை துளையில்?" என்று கேளுங்கள். எட்டு இன்புட் உள்ள ரிசீவரில் மூன்றுக்கு மட்டும் 40 இருக்கலாம். வாங்கி வந்த பிறகும் மெனுவில் ஒரு செட்டிங்கைப் பார்க்க வேண்டும். 4கே சிக்னல் ஃபார்மேட் என்று இருக்கும். சில மாடல்களில் அது ஸ்டாண்டர்டு என்ற நிலையிலேயே வரும். என்ஹான்ஸ்டு அல்லது 8கே என்ஹான்ஸ்டு என்று மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் பேண்ட்விட்த் பயன்படவே படாது. டிவியிலும் அந்தத் துளைக்கு இப்படி ஒரு செட்டிங் உண்டு. ரிசீவர் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுபோவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதே சமயம் விலை அதிகமான கேபிள்தான் நல்லது என்றும் இல்லை. அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற லேபிளும், போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் க்யூஆர் கோடும் இருந்தால் 48 ஜிகாபிட் போகும். சாதாரணச் செம்புக் கேபிளில் அந்த வேகம் மூன்று மீட்டர் வாக்கில்தான் நம்பிக்கையாக இருக்கும். ப்ரொஜெக்டருக்குப் பத்து மீட்டர் இழுக்க வேண்டும் என்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதில் ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் குழாய் வழியே இழுப்பதற்கு முன் முனையைப் பார்த்து, தரையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

8கேவுக்காக வைத்திருந்த பணத்தை என்ன செய்யலாம் என்றால், ஒலிக்கே கொடுங்கள். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் தரை டைல்ஸ், கூரை கான்கிரீட், சுவர் வெறும் சிமெண்ட் பூச்சு. சத்தம் எதிரொலித்து வசனமே புரியாது. மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வசதி நன்றாக உள்ள ரிசீவர், ஒரு நல்ல சப்வூஃபர், தரையில் ஒரு கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை. இந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அட்மாஸுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் வைக்க ஆசைப்பட்டால் ஏழு சேனல் ஆம்ப் (ஏழு ஸ்பீக்கருக்குச் சக்தி தருவது) உள்ள ரிசீவர் வேண்டும். கூடுதல் பணம் போக வேண்டிய இடம் அது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகள் நிறைய. சித்தப்பாவோ மாமாவோ அங்கே புது மாடல் வாங்கிவிட்டு, 18 ஜிகாபிட் பழைய ரிசீவரை "உனக்கு வேணுமா?" என்று கேட்டால் மறுக்காதீர்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான், பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதில் இ-ஆர்க் இருக்கிறதா என்று மட்டும் மாடல் நம்பர் வாங்கிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் ஆர்க் இருந்தால் ஓடிடி வீட்டுக்கு அது பல வருஷம் உழைக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் ரிசீவர் 120 வோல்ட். அதை நம் பிளக்கில் நேராகச் செருகினால் போய்விடும்.

ரிசீவரில் ஆம்ப் பகுதி பத்துப் பதினைந்து வருஷம் தாங்கும். எச்டிஎம்ஐ போர்டு அவ்வளவு தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மழை அடிக்கும்போது, மொட்டை மாடியிலிருந்து வரும் கேபிள் டிவி வயரில் ஏறும் மின்னழுத்தம் செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ துளைகளைச் சுட்டுவிடும். ஸ்டெபிலைசர் இருந்தாலும் இந்த வழியை அது தடுக்காது. இடி கேட்க ஆரம்பித்ததும் கரண்ட் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும், மாடியிலிருந்து இன்டர்நெட் வயர் வந்தால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள்.